வேட்டைக்கும் காட்டுக்கும் ஏற்ற ஒரே கத்தி எது?

கேள்வி: "ஒன்ராறியோவில் இருக்கிறேன். இந்த இலையுதிர் காலத்தில் முதன்முறையாக மான் வேட்டைக்குப் போகிறேன். வேட்டை, முகாம், சமையல் எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி வேண்டும். 18 செ.மீ. அலகும் முதுகில் ரம்பப் பற்களும் உள்ள ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?"

வாங்காதீர்கள், தம்பி. ஏறத்தாழ அதே கத்தியை நான் 2006ஆம் ஆண்டு வாங்கினேன். 18 செ.மீ. அலகு, முதுகில் ரம்பம், பிடியின் அடியில் ஒரு திசைகாட்டி வேறு. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்ததை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. பின்னால் நின்ற மனைவி, "கள்ளுச் சீவவா வெளிக்கிட்டீர்கள்?" என்று கேட்டாள். கள்ளுச் சீவுகிறவரின் கத்திக்கு இருக்கும் தகுதியில் கால்வாசிகூட அதற்கு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் 1988இல் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு வந்தவன். எங்களில் பலரைப் போல எனக்கும் முதல் வேலை வடகோடியில், ஃபின்மார்க் கரையோரத்து மீன் ஆலை ஒன்றில். பனிக்காலத்தில் சூரியன் இரண்டு மாதம் தலைகாட்டாத இடம். குழாய் விளக்குக்குக் கீழே நின்று கொட் மீனை முள் நீக்கித் துண்டம் போட வேண்டும். கையில் ஓலை ஈர்க்குப் போல வளைந்துகொடுக்கும் மெல்லிய கத்தி. பதினொரு வருடம் அதைப் பிடித்ததில், கத்தியைப் பற்றி இனி ஒருவரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை என்ற தலைக்கனம் வந்துவிட்டது. பிறகு தெற்கே, எல்வெரும் பக்கம் குடிமாறினோம். வீட்டுக்குப் பின்னாலேயே காடு. செப்டம்பர் பிறந்துவிட்டால் ஊரில் எல்க் வேட்டையைத் தவிர வேறு பேச்சு இருக்காது. எல்க் என்றால் உங்கள் பக்கத்தில் மூஸ் என்று சொல்லும் அதே விலங்குதான்.

நோர்வேயில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நேரே காட்டுக்குள் போய்விட முடியாது. முதலில் 30 மணி நேர வகுப்பு, பிறகு 50 கேள்விகள் உள்ள பரீட்சை. 40 சரியாக இருந்தால்தான் தேர்ச்சி. பெரிய விலங்கை வேட்டையாடுகிறவருக்கு வருடா வருடம் சுடும் பரீட்சையும் உண்டு. 100 மீட்டரில் ஐந்து குண்டும் 30 செ.மீ. வட்டத்துக்குள் விழ வேண்டும். இரண்டிலும் தேறிவிட்டேன். கத்தி பிடிப்பதற்கென்று தனிப் பரீட்சை இல்லை. இருந்திருந்தால் அங்கேதான் தோற்றிருப்பேன்.

பக்கத்து வீட்டு முதியவர் தன் வேட்டைக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார். இரண்டாம் நாள் காலையில் குழுவில் ஒருவர் ஓர் எல்க் கன்றை விழுத்தினார். எத்தனை விலங்கு சுடலாம் என்ற ஒதுக்கீட்டில் கன்றுக்கும் எண்ணிக்கை உண்டு; ஆச்சரியப்பட வேண்டாம். புதியவன் வயிற்றைத் திறக்கட்டும் என்று என்னை அழைத்தார்கள். நான் என் பெரிய கத்தியை உருவினேன். ஒருவர் இருமினார். அது இருமல் இல்லை என்பது அப்போது புரியவில்லை.

மீன் வயிற்றைக் கீறுவது போலத்தானே என்று முனையை உள்ளே விட்டு இழுத்தேன். 'உஸ்' என்று சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போவது போல ஒரு சத்தம். அடுத்த நொடியில் புளித்த புல்லின் வாடை. பச்சையாக ஒரு குழம்பு என் மணிக்கட்டு வழியாக இறைச்சிமேல் வழிந்தது. அசைபோடும் விலங்கின் முதல் வயிறு, இறந்த கொஞ்ச நேரத்திலேயே வாயு சேர்ந்து மேளம் போல உப்பிவிடும். தோலுக்கு அடியிலேயே அமுங்கிக்கொண்டு நிற்கும். என் கத்தியின் மேல்நோக்கி வளைந்த முனை அதற்குள் நேராகப் போய்விட்டது. அவசரத்தில் வெளியே இழுத்தபோது முதுகு ரம்பத்தில் தோலும் மயிரும் சிக்கி, கிழிசல் இன்னும் பெரிதானது.

முதியவர் ஏசவில்லை. என் கத்தியை வாங்கிப் பாசியில் துடைத்து ஒரு மரக்குற்றியில் குத்தி வைத்தார். தன்னுடையதை என்னிடம் தந்தார். தீட்டித் தீட்டித் தேய்ந்த அலகு, 9 செ.மீ. இருந்தால் அதிகம். கறுத்துப்போன மரப்பிடி. பிறகு என் கையைப் பிடித்துச் செய்து காட்டினார். வயிற்றுத் தோலைக் கிள்ளித் தூக்கி, ஒரு சிறு துளை. அதற்குள் இடக்கையின் இரண்டு விரல்கள், உள்ளங்கை மேலே பார்த்தபடி. அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் கத்தி முனை, கூர்ப்பக்கம் வானத்தைப் பார்க்க. விரல்கள் குடலை அமுக்கிக்கொண்டே முன்னே நகரும். கத்தி பின்னாலேயே தோலை உள்ளிருந்து வெளியே அறுத்துக்கொண்டு போகும். "முனை எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடாதே, விரலால் தேடு" என்றார். அவ்வளவுதான் அன்று முழுவதும் அவர் பேசியது.

பழுதான பகுதியை வெட்டி எறிந்தார்கள். மாலையில் இறைச்சியைப் பங்கு போட்டபோது, எங்கள் ஊரில் தீபாவளிக்கு முதல்நாள் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஆடடித்துப் போடும் பங்கு இறைச்சி நினைவுக்கு வந்தது. ஒரே வித்தியாசம், என் பங்கில் விலாப்பக்கத் துண்டுகள் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தன. நியாயந்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேட்டைக் கத்தி கொல்வதற்கான ஆயுதம் இல்லை. கொல்வது குண்டு. கத்தியின் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது. முக்கால்வாசி வேலை, உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரல்களோடு சேர்ந்து நடக்கிறது. ஆகவே சுட்டுவிரலை அலகின் முதுகில் நீட்டி வைத்தால் விரல் நுனி கத்தி முனைக்கு அருகில் வர வேண்டும். 9 முதல் 10 செ.மீ. அலகில் அது நடக்கும். 18 செ.மீ. கத்தியில் முனை எங்கே போகிறது என்பது விலங்குக்குத்தான் தெரியும், அதுவும் உயிரோடு இல்லை.

முனை, அலகின் முதுகிலிருந்து மெல்லச் சரிந்து கீழே இறங்கியிருக்க வேண்டும். இந்த வடிவத்தை வேட்டைக்காரர்களிடையே பெரிதாகப் பரப்பியவர் பொப் லவ்லெஸ் என்ற அமெரிக்கர். கப்பலில் வேலை செய்துகொண்டிருந்த அவர், 1953இல் அந்நாளில் பேர்போன ராண்டல் கத்தி ஒன்றை வாங்கப் போயிருக்கிறார். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றதும், பழைய கார் ஒன்றின் வில் தகட்டை எடுத்துத் தானே ஒரு கத்தி செய்துவிட்டார். அந்த ஆத்திரத்தில் தொடங்கிய தொழிலில்தான் இந்த இறங்குமுனைக் கத்தியும் பிறந்தது. அதற்கு முன் அமெரிக்காவில் பெரும் பெயர் எடுத்திருந்தது, மிச்சிகனில் வெப்ஸ்டர் மார்பிள் செய்த கத்தி. அதன் பெயரே 'ஐடியல்', அதாவது இலட்சியக் கத்தி. தோல் வளையங்களை அடுக்கிய பிடியும் அலகில் ஓடும் பள்ளமுமாக, பார்க்க அழகான பொருள். அந்தப் பெயரே உங்கள் தேடலுக்கு விடை என்று நினைத்துவிடாதீர்கள். இலட்சியம் என்று பெயர் வைத்த பிறகும் எழுபது வகைக் கத்திகள் வந்துவிட்டன.

தடிப்பு 2.5 மி.மீ. போதும், 3க்கு மேல் வேண்டாம். சுவீடனின் போடன் நகரத்து ஃபால்க்னிவன் எஃப்1 என்ற கத்தி, 4.5 மி.மீ. தடிப்பு, அந்த நாட்டு விமானப்படை விமானிகளுக்காகத் தேர்ந்தது. விமானம் விழுந்து காட்டில் தனியே மாட்டிக்கொண்டால் நானும் அதைத்தான் கேட்பேன். தோலுரிக்கும்போது அது கோடாலியால் வெங்காயம் அரிவது போல இருக்கிறது. முகாமில் விறகு பிளக்க வேண்டும் என்பீர்கள். அதற்குச் சின்னக் கோடாலி இருக்கிறது. இடுப்பெலும்பும் கிளையும் அறுக்க மடக்கு ரம்பம் ஒன்று வாங்கிப் பையில் போடுங்கள். கத்தி முதுகில் இருக்கும் பற்கள் எதையும் ஒழுங்காக அறுப்பதில்லை. மயிரை மட்டும் நன்றாகச் சேகரிக்கும்.

பிடியைப் பற்றித்தான் கடையில் ஒருவரும் யோசிப்பதில்லை. காய்ந்த கையால் பிடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று வாங்கிவிடுகிறோம். வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கிறது, இரத்தம் இருக்கிறது, விரல்கள் குளிரில் விறைத்திருக்கின்றன. வழவழவென்று மெருகேற்றிய மான்கொம்புப் பிடி அந்த நேரத்தில் சவர்க்காரக் கட்டியாகிவிடும். கடைக்காரர் அனுமதித்தால் கையில் கொஞ்சம் சமையல் எண்ணெய் பூசிப் பிடித்துப் பாருங்கள்; அனுமதிக்க மாட்டார். ரப்பர் பூசிய பிடிதான் என் தேர்வு. நிறம் செம்மஞ்சளாக இருக்கட்டும். லிங்கன்பெரிப் புதருக்குள் நான் தொலைத்த பச்சைப் பிடிக் கத்தி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

உருக்கு விஷயத்தில் பெயர்களையும் எண்களையும் காட்டி உங்களை மயக்குவார்கள். சாதாரணக் கரிம உருக்கு அருமையாகக் கூராகும், ஆனால் இரத்தத்தோடு ஓர் இரவு விட்டால் விடியும்போது துருப்பிடித்திருக்கும். துருப்பிடிக்காத சான்ட்விக் 12சி27 போன்றது புதியவருக்கு நல்லது. ராக்வெல் அளவில் 57, 58 கடினம் போதும். 60ஐத் தாண்டிய கடின உருக்கு கூர்மையை நீண்ட நேரம் வைத்திருக்கும், உண்மைதான். மங்கிவிட்டால் காட்டில் வைத்துச் சின்னக் கல்லில் மீட்பது பெரும்பாடு, எலும்பில் பட்டால் விளிம்பு சில்லுச் சில்லாக உடையவும் கூடும். எல்க் மயிர் தடித்தது, மண்ணும் மணலும் ஒட்டியது. வெளியிலிருந்து மயிரை அறுத்தால் எந்த உருக்கும் சீக்கிரம் மழுங்கும். உள்ளிருந்து அறுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நோர்வே, சுவீடன் பக்கத்துக் கத்திகளில் கூர்ச்சரிவு ஒரே தட்டையான பட்டையாக அகலமாக இருக்கும். கல்லில் அந்தப் பட்டையை அப்படியே படிய வைத்துத் தேய்த்தால் போதும். கோணம் எவ்வளவு என்று தலையைப் பிய்க்க வேண்டாம். மறுபக்கத்தில் பெருவிரலைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். திருப்பித் தேய்த்து, கடைசியில் இடைவாரின் உட்பக்கத்தில் பின்னோக்கி இழுத்தால் பிசிறு போய்விடும். எங்கள் வீட்டுப் பின்வளவில் பனை ஏறியவர் பாளையில் கத்தி வைப்பதற்கு முன் தீட்டாமல் ஏறி நான் பார்த்ததில்லை. ஒரு சீவல் தடித்துப்போனால் அவருக்கு அன்றைய கள் போயிற்று. மீன் ஆலையில் பதினொரு வருடம் நின்றும் எனக்கு மறந்துபோன பாடம் அது.

சரி, எதை வாங்குவது? சுவீடனின் மோரா நகரில் செய்யும் கம்பானியன் என்ற கத்தியைத் துருப்பிடிக்காத உருக்கில் வாங்குங்கள். அலகு 10 செ.மீ.க்குச் சற்றே கூட. இங்கே 200 குரோனர் அளவில் கிடைக்கும். அங்கேயும் உங்கள் ரம்பக் கத்தியின் விலைக்கு மூன்று நான்கு வாங்கலாம். அதையே நான் சொல்வேன்: இரண்டு வாங்குங்கள். ஒன்று வயிற்றைத் திறக்க, மற்றது ரொட்டிக்கும் வெங்காயத்துக்கும். ஒரே கத்தி என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள், இறைச்சி அறுத்த கத்தியில் பாலாடைக்கட்டி தின்னும் நண்பர்களைக் கண்டிருக்கிறேன். கையில் கொஞ்சம் காசு இருந்தால், நோர்வேயின் ஹோல்மெடாலில் 1932 முதல் செய்துவரும் ஹெல்லே கத்தியைப் பாருங்கள். கடின உருக்கை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் மென்மையான உருக்கைச் சேர்த்தது, பிடி அலையலையான பூர்ச்ச மரம். என் ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் ஒன்று வாங்கித் தந்தார்கள். அழகு காரணமாகவே அதைக் காட்டுக்கு எடுத்துப்போக மனம் வரவில்லை. எஸ்கில்ஸ்துனாவில் எகா நிறுவனம் செய்யும் சுழலும் கத்தியும் கெட்டிக்காரத்தனமானது. ஒரு பொத்தானை அமுக்கி அலகைத் திருப்பினால், நுனி மழுங்கிய குடல்திறக்கும் அலகு வெளியே வரும். 2006இல் என்னிடம் அது இருந்திருந்தால் இந்தப் பதிலே நீண்டிருக்காது. மூட்டு இடுக்கில் சேரும் கொழுப்பைக் கழுவுவதுதான் சள்ளை.

மான் உங்களுக்கு எல்க் அளவு பெரிதாக இருக்கப் போவதில்லை, ஆகவே அளவில் இன்னும் சிறியது என்றாலும் நட்டமில்லை. வேட்டை முடிந்ததும் இடைவாரிலிருந்து கத்தியைக் கழற்றிப் பைக்குள் வைக்க மறக்காதீர்கள். இங்கே வேலை, காட்டுப் பயணம் போன்ற தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம். ஒருமுறை அப்படியே பால் வாங்கக் கடைக்குள் போய், காசாளர்ப் பெண் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உணர்ந்தேன். உங்கள் மாகாணத்து விதியைப் புறப்படுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

என் பழைய பெரிய கத்தியை நான் எறியவில்லை. குசினியில் இருக்கிறது. திசைகாட்டி எப்போதோ விழுந்துவிட்டது. ரம்பப் பற்களை அரத்தால் ராவி எடுத்த பிறகு, அதன் முதுகால் ஒரு தட்டுத் தட்டினால் தேங்காய் சரிபாதியாகப் பிளக்கிறது.