கிரவுண்டுக்கு டிக்கெட் போடலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கால்பந்து கிளப்பின் செயலாளராக இருக்கிறேன். மாவட்ட லீக்கில் ஆடுகிறோம். சீசனுக்கு 14 ஆட்டம், அதில் 7 எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில். பார்க்க வருவது 40 பேர். வருஷா வருஷம் 40,000 கொடுத்துவந்த கிரானைட் வியாபாரி, தொழில் சரியில்லை என்று நிறுத்திவிட்டார். செலவு இது: வேன் 7 முறை 28,000, ரெஃப்ரிகளுக்கு 16,800, ஜெர்சி 9,900, தண்ணீர், குளுக்கோஸ், முதலுதவி 7,000, பந்து 6,000, லீக் கட்டணம் 5,000. 20 ரூபாய் டிக்கெட் போடலாம் என்கிறார்கள் பெரியவர்கள். பெரிய பரிசோடு ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி) நடத்தினால் மொத்தமாகப் பணம் வரும் என்கிறார்கள் பையன்கள். எருது விடும் விழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடும் ஜனம் எங்கள் ஆட்டத்துக்கு ஏன் வருவதில்லை?

ம., கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள ம.,

நீங்கள் எழுதியதைக் கூட்டினால் 72,700 ரூபாய். இந்தக் கணக்கைச் சொல்ல முடிகிற செயலாளர் இருக்கும் கிளப்பைக் காப்பாற்றிவிடலாம். பல கிளப்புகளில் பணம் தீர்ந்த பிறகுதான் எவ்வளவு செலவானது என்றே தெரிகிறது.

டிக்கெட் வேண்டாம். 40 பேர், 20 ரூபாய், 7 ஆட்டம் என்றால் 5,600. ரெஃப்ரி செலவில் மூன்றில் ஒரு பங்குதான். அதற்காக வாசலில் இரண்டு பேரை நிறுத்த வேண்டும், பள்ளி மைதானத்தில் வசூல் செய்யத் தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்க வேண்டும், சுற்றுச்சுவர் இல்லாத பக்கம் நின்று பார்ப்பவர்களோடு சண்டை போட வேண்டும். வருகிற 40 பேரும் குறைவார்கள்.

செவன்ஸையும் இந்த வருஷம் தள்ளிவையுங்கள். அணிக்கு 1,500 வீதம் 16 அணி வந்தால் 24,000. லைட், ஜெனரேட்டர் டீசல், மைக் செட், ரெஃப்ரி, சாப்பாடு என்று அது முழுவதும் போய்விடும். பரிசுத்தொகை நன்கொடையாளர் வாக்கை நம்பி நிற்கும். போஸ்டரில் பெயர் போட்டவர் இறுதி ஆட்டத்தன்று போனை எடுக்காவிட்டால் கடன் உங்கள் தலையில். எப்போது நடத்தினாலும் கைக்கு வந்துவிட்ட பணத்தை மட்டும் பரிசாக அறிவியுங்கள். இன்னொன்று, ஒரே இரவில் கட்டாந்தரையில் மூன்று ஆட்டம் ஆடிய பையன் அடுத்த வாரம் லீக் ஆட்டத்துக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் வருவான்.

வழி மாதச் சந்தா. 60 பேர் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் வருஷத்துக்கு 72,000. முன்னாள் ஆட்டக்காரர்கள், பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள், மளிகைக் கடை, மெக்கானிக் ஷாப் என்று கேளுங்கள். ஒருவர் தரும் 40,000 ஒரே நாளில் நின்றுபோகும். 60 பேரில் பத்துப் பேர் விட்டுப்போனாலும் சீசன் நடக்கும். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் வரவு செலவை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள், ரசீதின் படத்தோடு. இரண்டு மாதம் போடவில்லை என்றால் சந்தா நின்றுவிடும். கொடுப்பவர்களுக்கு வேண்டியது நன்றி அறிவிப்பு அல்ல, கணக்கு.

செலவிலும் குறைக்க இடம் இருக்கிறது. ஓசூர் போன்ற ஊர்களில் நடக்கும் ஆட்டங்களுக்கு வேன் எதற்கு? நெடுஞ்சாலையில் பஸ் நிறைய ஓடுகிறது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி போல மாறிப் போக வேண்டிய ஊர்களுக்கு மட்டும் வேன் வையுங்கள். ஜெர்சியில் வருஷத்தையும் நன்கொடையாளர் பெயரையும் அச்சடிக்காமல் இருந்தால் இரண்டு சீசன் வரும். பந்துக்கு 6,000 போவதற்குக் காரணம் மொரம்புத் தரை. ஆட்டத்துக்கென்று இரண்டு பந்தை ஒதுக்கிவிட்டு, பயிற்சிக்கு ரப்பர் பந்து கொடுங்கள். பம்ப் ஊசியை ஒரு சொட்டு கிளிசரினில் நனைக்காமல் செருகினால் வால்வு கிழியும். பாதிப் பந்து அப்படித்தான் போகிறது. காற்றழுத்தம் விதிப்படி 0.6 முதல் 1.1 பார். கட்டாந்தரையில் 0.7 போதும். கல் மாதிரி அடித்து வைத்தால் தையல் விடும்.

கோடு போடச் சுண்ணாம்பு வாங்குகிறீர்களா? விட்டுவிடுங்கள். வியர்வை பட்டால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. கோலத்துக்கு விற்கும் வெள்ளைக் கல்மாவே போதும். 100க்கு 64 மீட்டர் மைதானத்தில் எல்லாக் கோடும் சேர்ந்து ஏறத்தாழ 690 மீட்டர் வரும். சீசன் தொடக்கத்தில் கயிறு கட்டி மண்வெட்டியால் லேசாகக் கீறிவிட்டால், பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அளக்க வேண்டியதில்லை, மாவைத் தூவினால் ஆயிற்று.

இனி கூட்டம். எருது விடும் விழாவைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மாடு ஓடும்போதும் எந்த ஊர் மாடு, யார் வீட்டு மாடு, எத்தனை விநாடி என்று மைக்கில் சொல்கிறார்கள். உங்கள் மைதானத்தில் கோல் அடித்தவன் யார் என்று கோட்டுக்கு வெளியே நிற்பவருக்குத் தெரிவதில்லை. ஒரு சின்ன ஸ்பீக்கர் வையுங்கள். ஆட்டக்காரன் பெயரையும் தெருவையும் சேர்த்துச் சொல்லுங்கள். வியாழக்கிழமையே டீக்கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் நேரத்தோடு தாள் ஒட்டுங்கள்.

பெரிய ஆட்டத்துக்கு முன்னால் 13 வயதுக்குட்பட்ட பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் அரை மணி நேர ஆட்டம் ஒன்று வையுங்கள். கூட்டத்துக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. 20 பிள்ளைகள் ஆடினால் பின்னாலேயே அப்பா, அம்மா, பாட்டி வருவார்கள். அம்மாக்கள் கடைசிவரை இருக்க வேண்டுமென்றால் பள்ளிக் கழிப்பறைச் சாவியை முதல் நாளே வாங்கித் தண்ணீர் நிரப்பி வையுங்கள். இதைச் செய்யாத மைதானங்களில் இடைவேளையோடு பெண்கள் கிளம்பிவிடுகிறார்கள். பந்தலை மேற்குப் பக்கக் கோட்டோரம் போடுங்கள். சாயங்கால வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

சொன்ன நேரத்துக்கு ஆரம்பியுங்கள். இடைவேளையும் கூடுதல் நேரமும் சேர்த்து ஓர் ஆட்டம் 1 மணி 50 நிமிடம். டிசம்பரில் ஆறுக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும்; 3.45க்குள் தொடங்கிவிடுங்கள், மிகவும் தாமதமானால் கடைசிப் பத்து நிமிடம் பந்து தெரியாது. ஐபிஎல் மாதங்களில் 4.15க்குத் தொடங்கினால் டிவியில் இரவு ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் வீடு சேரலாம். இங்கிலாந்தில் கீழ்நிலை கிளப்புகளுக்கென்று 2010 முதல் ஒரு தனி நாளே கொண்டாடுகிறார்கள். மேல்மட்ட லீக்குகளுக்கு ஆட்டம் இல்லாத வார இறுதியாகப் பார்த்து அதை வைக்கிறார்கள். பெரிய ஆட்டத்தோடு மோதாமல் இருப்பது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

ஓசூர் கம்பெனிகளிடம் போகலாமா என்று பையன்கள் அடுத்துக் கேட்பார்கள். போகலாம், ஆனால் செவன்ஸ் போஸ்டரோடு போகாதீர்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பொறுப்பு நிதியை (சி.எஸ்.ஆர்) விளையாட்டுப் பயிற்சிக்குக் கொடுக்கலாம். ஒருநாள் போட்டியும் ஜெர்சி விளம்பரமும் அந்தக் கணக்கில் சேராது. கேட்க வேண்டியது உங்கள் சிறுவர் சிறுமியர் பயிற்சிக்குத்தான். அதற்குச் சங்கப் பதிவு, வருமான வரித் துறைப் பதிவுகள், சி.எஸ்.ஆர்-1 படிவம், மூன்று வருஷம் இதே வேலையைச் செய்த சான்று எல்லாம் வேண்டும். அந்த மூன்று வருஷத்தை இப்போதே எண்ணத் தொடங்குங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து என்று துணைவிதியிலேயே எழுதிவிடுங்கள். அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டாம்.