வாசகர் கேள்வி: காற்றாடியைத் தீர்மானிக்க வேண்டியது கரை திரும்பும் சுமை

கேள்வி: எங்கள் 28 அடி பைபர் படகில் 9.9 குதிரைத்திறன் கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் இருக்கிறது. பழைய காற்றாடி (புரொப்பெல்லர்) மணலில் தட்டி உடைந்ததால், வேகம் கூடும் என்று கடையில் சொன்னதை நம்பி, 9 அங்குல பிட்ச் இருந்த இடத்தில் 11 அங்குலம் வாங்கி மாட்டினோம். போகும்போது நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் வலையும் மீனும் ஐஸுமாகத் திரும்பும்போது எஞ்சின் திணறுகிறது, புகை அதிகமாகிறது, எரிபொருளும் கூடுதலாகச் செலவாகிறது. எவர்சில்வர் காற்றாடி வாங்கினால் சரியாகுமா?
– நொச்சிக்குப்பம் வாசகர்

பதில்: கோளாறு காற்றாடியின் உலோகத்தில் இல்லை, பிட்ச்சில்தான் இருக்கிறது. காற்றாடியின் நடுவில் உள்ள குமிழில் பொறிக்கப்பட்டிருக்கும் இரண்டு எண்களில் முதலாவது விட்டத்தையும், இரண்டாவது பிட்ச்சையும் அங்குலத்தில் குறிக்கின்றன. திருகாணி மரத்துக்குள் இறங்குவதுபோலக் காற்றாடி ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்ற கணக்கே பிட்ச். 9 அங்குலம் என்றால் சுமார் 23 சென்டிமீட்டர், 11 அங்குலம் என்றால் சுமார் 28 சென்டிமீட்டர். தண்ணீர் மரத்தைப் போலப் பிடித்துக்கொள்வதில்லை என்பதால் இந்தத் தூரத்தில் ஒரு பகுதி வழுக்கலாக வீணாகிறது. படகில் பாரம் ஏற ஏற அந்த வழுக்கலும் ஏறுகிறது. பாரம் நிறைந்த லாரியை மேம்பால ஏற்றத்தில் டாப் கியரில் ஓட்டினால் எஞ்சின் எப்படித் திணறுமோ, அப்படித்தான் 11 அங்குலக் காற்றாடியோடு உங்கள் எஞ்சின் கரை திரும்புகிறது. இதே நிலையில் தொடர்ந்து ஓட்டினால் கரி படியும், பிஸ்டன் சூடேறும், எஞ்சினின் ஆயுள் குறையும். இதை ஒரு பருவம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

முழு விசையில் எஞ்சின் எந்தச் சுற்று வரம்புக்குள் ஓட வேண்டும் என்பது உங்கள் கையேட்டில் இருக்கும். அது நிமிடத்துக்கு 4500 முதல் 5500 வரை என்று வைத்துக்கொள்வோம். பிட்ச்சில் ஓர் அங்குலம் குறைத்தால் சுற்று ஏறத்தாழ 150 முதல் 200 வரை கூடும். சுமையோடு முழு விசையில் இப்போது 4300 சுற்றுதான் வருகிறது என்றால், 9 அங்குலத்தில் அது 4600 முதல் 4700 வரையும், 8 அங்குலத்தில் 4750 முதல் 4900 வரையும் ஏறும். வழக்கமாகப் பாரம் அதிகம் என்றால் நான் 8 அங்குலத்தையே சொல்வேன். ஆனால் அதைப் போட்ட பிறகு வெறும் படகில் முழு விசை கொடுக்கும்போது 5500 தாண்டக் கூடாது. தாண்டினால் 9 அங்குலமே பொருத்தம்.

சுற்றை அளக்க, ஸ்பார்க் பிளக் கம்பியில் ஒயரைச் சுற்றி மாட்டும் சிறிய மீட்டர் போதும். சோதனைக்கு மீன் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்: 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் 20 ஏற்றினால் சுமார் 400 கிலோ பாரம் கிடைத்துவிடும். கடல் அமைதியாக இருக்கும் காலையில், அலை உடையும் இடத்தைத் தாண்டிச் சென்று, நீரோட்டத்தோடு ஒரு முறையும் எதிராக ஒரு முறையும் ஓடி, கைபேசி ஜிபிஎஸ் காட்டும் இரண்டு வேகங்களின் சராசரியை எடுங்கள். எஞ்சின் அதிக உயரத்தில் மாட்டப்பட்டிருந்தால் காற்றாடி காற்றை இழுத்துக்கொண்டு சுற்று பொய்யாக ஏறும் என்பதால், காற்றாடிக்கு மேலே உள்ள தட்டு படகின் அடிமட்டத்தோடு ஏறத்தாழ ஒரே கோட்டில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எவர்சில்வர் காற்றாடியின் இதழ்கள் மெல்லியவை, வளையாதவை. ஆழ்கடலில் ஓடும் படகுக்கு அது நல்லது. ஆனால் நீங்கள் துறைமுகத்தில் கட்டாமல் மணலில் ஏற்றி இறக்குகிறீர்கள். மணலில் தட்டும்போது அலுமினிய இதழ் தானே வளைந்தோ உடைந்தோ அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். எவர்சில்வர் அந்த அதிர்ச்சியைக் கியர் வரை கொண்டுபோய்விடக்கூடும். கியர் செலவோடு ஒப்பிட்டால் அலுமினியக் காற்றாடியின் விலை சிறியது. அலுமினியமே வாங்குங்கள், படகில் ஒன்று உபரியாகவும் வையுங்கள்.

கேள்வி: எஞ்சின் உறுமுகிறது, படகு நகர மறுக்கிறது. காற்றாடியில் சேதம் எதுவும் தெரியவில்லை.
– எண்ணூர் வாசகர்

பதில்: காற்றாடிக் குமிழுக்குள், உள் குழாயையும் வெளிக் குமிழையும் இணைக்கும் ரப்பர் புஷ் வழுக்கியிருக்கலாம். உள் குழாயிலும் வெளிக் குமிழிலும் சேர்த்துப் பெயிண்டால் ஒரே நேர்கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் புஷ்தான் காரணம். மெதுவாகக் கரை சேர்ந்து புஷ்ஷையோ காற்றாடியையோ மாற்றுங்கள். கழற்றும்போது தண்டில் தங்கூசி (நைலான் நரம்பு) சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஆயில் சீலை அறுத்துவிட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து கியர் ஆயில் பால்போல வெளுத்திருக்கும். அப்படியிருந்தால் சீலை மாற்றும் வரை கடலுக்குப் போக வேண்டாம். திரும்ப மாட்டும்போது தண்டின் பற்களுக்குக் கிரீஸ் தடவி, நட்டு கழலாமல் பிடிக்கும் பின்னைப் (pin) புதிதாகவே போடுங்கள்.