மகள் வானியற்பியல் படிக்க ஆசைப்படுகிறாள், விடலாமா?

அக்கா, படிவம் 4-இல் இருக்கும் உங்கள் மகள் கணினி வழியாக விண்மீன்களை ஆராயும் படிப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு இதை நம்பி இறங்கலாமா என்பது உங்கள் பயம். நேராகவே சொல்கிறேன். அந்த ஆராய்ச்சி வேலை மலேசியாவில் மிகக் குறைவு. முனைவர் பட்டம் வரை படிக்க வேண்டும், பெரும்பாலும் வெளிநாட்டுக்கும் போக நேரும். இருந்தாலும் அவளைத் தடுக்காதீர்கள்.

அந்தத் துறையில் அன்றாடம் நடப்பது கணக்கும் நிரலும்தான். இரண்டு விண்மீன் மண்டலங்கள் மோதுவதைக் காத்திருந்து பார்க்க முடியாது, கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதனால் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். 1941-இல், கணினி கைக்கு வராத காலத்தில், சுவீடன் வானியலாளர் எரிக் ஹோல்ம்பெர்க் விண்மீன்களுக்குப் பதிலாக 74 பல்புகளைப் பரப்பி இதைச் செய்தார். தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும். ஈர்ப்பு விசையும் அப்படித்தான் குறையும். ஒவ்வொரு பல்பின் இடத்திலும் விழும் வெளிச்சத்தை அளந்து, அதையே ஈர்ப்பாகக் கொண்டு பல்புகளைக் கொஞ்சம் நகர்த்துவார், மறுபடி அளப்பார். எவ்வளவு பொறுமை! பிரபஞ்சம் வளர்ந்த விதத்தைக் கணினிக்குள் நடத்திப் பார்த்த, 2005-இல் வெளியான 'மில்லேனியம்' முயற்சியில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட துகள்களின் ஈர்ப்பைக் கணினியே கணக்கிட்டது.

இன்னோர் உதாரணம். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ ஆய்வுக்கூடக் கருவிகளில் பதிவான ஈர்ப்பலை (வெளியே அதிர்ந்து பரவும் அலை அல்ல, விண்வெளியே அதிரும் அலை), ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே நீடித்தது. சுமார் 130 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதியதுதான் அது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இரைச்சல் நிறைந்த பதிவை, முன்பே கணக்கிட்டு வைத்திருந்த அலை வடிவங்களோடு ஒப்பிட்டுத்தான். இரைச்சலிலிருந்து விஷயத்தைப் பிரித்தெடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு வங்கியிலும் காப்புறுதியிலும் பினாங்கு பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலைகளிலும் வேலை இருக்கிறது.

அதனால் வேலையை விட அவளுடைய கூடுதல் கணிதத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். அதில் தடுமாறினால் இப்போதே டியூஷன் வையுங்கள்.

அப்புறம், ஒரு சின்னப் பரீட்சை. அந்த லைகோ பதிவு இணையத்தில் இலவசம், பயிற்சிப் பாடங்களும் கூடவே உண்டு. இணையத்திலேயே நிரலை ஓட்டும் கூகல் கொலாபில் பைத்தான் மொழியில் எழுதினால் பழைய மடிக்கணினியே போதும். பள்ளி விடுமுறையில் அவளே அதைச் செய்து பார்க்கட்டும். நிரலில் ஒரு பிழையைத் தேடி இரண்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்தால் இது அவளுக்கான துறை. படங்கள் மட்டும்தான் பிடிக்கிறது என்றால் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளட்டும், அதிலும் தப்பில்லை.

பட்டத்தின் பெயரில் 'வானியல்' இருக்க வேண்டும் என்று அலையாதீர்கள். மலாயா பல்கலைக்கழகத்திலோ யூ.எஸ்.எம். எனும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலோ இயற்பியல் படித்து, கூடவே கணினிப் பாடங்களும் எடுக்கட்டும். விண்மீன்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சந்திரசேகரும் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர்தான்.

படிவம் 5-இன் எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசு மெட்ரிகுலேஷன் படிப்புக்கு விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு தனியார் கல்லூரிக்கு ஓட வேண்டாம். படிவம் 6-இல் இயற்பியலும் மேத்ஸ் டி-யும் (Mathematics T) எடுத்து எஸ்.டி.பி.எம். எழுதினாலும் அதே அரசுப் பல்கலைக்கழகங்களுக்குத்தான் விண்ணப்பிக்கலாம், செலவும் மிகக் குறைவு.