மாயாவி ஓவியம் ரோபோ மாதிரி வருகிறதா?

வீட்டுச் சுவரில் மாட்ட, காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியை ஓர் ஓவியரிடம் வரையச் சொல்லியிருக்கிறீர்கள். அவரிடம் வண்ணத்தை விட்டுவிட்டு, கறுப்பு வெள்ளையில் மையால் வரையச் சொல்லுங்கள். பாதி சரியாகிவிடும்.

இரண்டு முறை திருத்தியும் இரும்புக்கை மாயாவி பளபளக்கும் ரோபோவாகவே வருவதற்கு, நீங்கள் மாதிரிக்கு அனுப்பிய அட்டைப்படங்கள் காரணமாக இருக்கலாம். 1972இல் முத்து காமிக்ஸ் தமிழில் கொண்டுவந்த பிரிட்டிஷ் கதையான மாயாவியின் அழகு உள்பக்கங்களில்தான். ஸ்பானிய ஓவியர் ஜீஸஸ் பிளாஸ்கோ வரைந்தவை அவை. கனத்த நிழல், சாதாரண மனித முகம். அந்தப் பக்கங்களில் நான்கைந்தை அனுப்புங்கள். பார்த்து அப்படியே வரைய அல்ல, அந்த இருட்டு பிடிபட.

அப்புறம், மாயாவியை ஏன் முழு உருவமாக நிற்க வைக்கிறீர்கள்? மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் மிதப்பதுதானே நம்மை மிரட்டியது! காட்சியை நீங்களே புதிதாகச் சொல்லுங்கள்: பழைய மின்கம்பம், அறுந்த கம்பி, அதைப் பிடித்திருக்கும் கை.

மை போடும் முன் சிறிய பென்சில் வரைவு கேளுங்கள். கைபேசியில் சுருக்கிப் பாருங்கள். கண் முதலில் கைக்குப் போகாவிட்டால் அமைப்பை மாற்றச் சொல்லுங்கள்.

ஓவியத்தை வீட்டுச் சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் உரிமை இப்போது பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது. அச்சடித்து விற்க அனுமதி வேண்டும்.