கைகர் மீட்டரில் 0.22 காட்டுகிறது, லயத்துக் கருங்கல் சுவர் ஆபத்தா?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு லயத்து வீடு. ஒன்லைனில் வாங்கிய, கதிர்வீச்சு அளக்கும் கைகர் மீட்டரைக் கருங்கல் சுவரில் வைத்தால் 0.22 காட்டுகிறது. இது பெக்கரலா, கிரேயா, சீவர்ட்டா? பிள்ளைகள் அங்கே படுக்கலாமா?

தாராளமாகப் படுக்கலாம். திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அலகு இருக்கும்: மணிக்கு மைக்ரோசீவர்ட். பஸ்ஸில் வேகமுள் காட்டுவதைப் போல இது வேகம் மட்டுமே. எத்தனை மணி நேரம் என்று பெருக்கினால்தான் உடம்பில் சேர்ந்த அளவு தெரியும். வருடம் முழுக்க, அதாவது 8,760 மணி நேரமும், சுவரில் சாய்ந்தே இருந்தாலும் சுமார் 1.9 மில்லிசீவர்ட்தான் (ஆயிரம் மைக்ரோ ஒரு மில்லி). உலகச் சராசரியில் ஒருவர்மேல் வருடத்துக்கு இயற்கையாக வெளியிலிருந்து படுவது 0.9 அளவு, மூச்சும் சாப்பாடும் சேர்த்தால் 2.4. ஒரு தடவை வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தாலே 8 மில்லிசீவர்ட் போல வரும். பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட் என்ற வரம்பை இதோடு ஒப்பிடாதீர்கள். அதில் இயற்கைக் கதிர்வீச்சு சேராது.

பெக்கரல் என்றால் விநாடிக்கு ஓர் அணுக்கரு சிதைவது. வளர்ந்த ஒருவரின் உடம்பில் பொட்டாசியத்தால் மட்டும் சுமார் 4,000 பெக்கரல் உண்டு. ஒரு கிலோ உடம்பு ஒரு ஜூல் சக்தியை உறிஞ்சினால் ஒரு கிரே. அதையே கதிரின் வகைக்கும் உறுப்புக்கும் ஏற்ப எடைபோட்டால் சீவர்ட். காமா, பீட்டா, அல்பா என்பவை கதிரின் வகைகள்; காமாவுக்கு எடை 1, அல்பாவுக்கு 20.

அந்த 20தான் கவனிக்க வேண்டியது. அல்பா தோலைத் தாண்டாது. நுரையீரலுக்குள் போனால் கதை வேறு. மண்ணிலும் கல்லிலும் உள்ள யுரேனியத்திலிருந்து ரேடன் வாயு கசிகிறது, அதன் அரைவாழ்வு 3.8 நாள், அதாவது அதற்குள் பாதி சிதைந்துவிடும். தரை வெடிப்பு வழியாக உள்ளே வந்து, குளிருக்கு ஜன்னல் சாத்திய அறையில் தேங்கும். உங்கள் மீட்டர் அதைச் சரியாகக் காட்டாது. தனிக் கருவி வேண்டும். ரேடன் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் அளவு, ஒரு கனமீற்றர் காற்றுக்கு 100 பெக்கரல்.

நம் மலைக் கல்லில் யுரேனியம் போலக் கதிர்வீசும் தோரியமும் உண்டு. தோரியம் நிறைந்த தோரியனைட் என்ற கனிமத்தைப் புவியியலாளர் ஆனந்த குமாரசுவாமி 1904இல் பலாங்கொடைப் பக்கம்தான் கண்டெடுத்தார். ஆனால் அது அரிய கனிமம், சுவர் கட்டும் கல் அல்ல. நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர் கடற்கரையை விடக் கூடுதலாக விழும், அதுவும் கவலைப்படும் அளவுக்கு இல்லை.

இனி மீட்டர். மலிவான மீட்டர் பலவற்றில் 0.22 என்பது நிமிடத்துக்குச் சுமார் 34 டிக் (கருவி ஒரு கதிரைப் பிடிக்கும்போது எழும் சத்தம்). எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குத் தானாகவே ஆடும், அதாவது 6 கூடும், குறையும். அடுத்த நிமிடம் 0.26 வந்தால் சுவரில் எதுவும் மாறவில்லை. பத்து நிமிடம் எண்ணினால் பிழை 5 சதவீதம் அளவுக்கு இறங்கும். சுவரில் ஒட்டினால் பீட்டாக் கதிரும் சேர்ந்து எண் கூடும், ஆகவே சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் ஒரு மீற்றர் தள்ளி வைத்து எண்ணி, பிறகு வெளியே திறந்த வெளியிலும் எண்ணி ஒப்பிடுங்கள். மீட்டர் வேலை செய்கிறதா என்று சந்தேகமா? தோட்டத்து ஸ்டோரில் பொட்டாஷ் பசளை மூட்டை மேல் வையுங்கள். கிலோவுக்கு சுமார் 16,000 பெக்கரல், டிக் சத்தம் கூடுவது காதிலேயே கேட்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது: தரை வெடிப்பை சீமெந்து பூசி அடையுங்கள், பகலில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்று ஓட விடுங்கள்.