வீட்டில் தொற்று, வேலையில் குமுறல்: வாசகர் கேள்வி – பதில்

கொரோனா தனிமை விதிகளைக் காற்றில் பறக்கவிடும் குடும்பங்கள், அவர்களோடு மல்லுக்கட்டும் ஊழியர்கள்: இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைப் பற்றித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் குழந்தை சிரித்துக்கொண்டே வருகிறது. "காய்ச்சலெல்லாம் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு அம்மா போய்விடுகிறார். மதியம் பன்னிரண்டு மணிக்கு உடம்பு கொதிக்கிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. வீட்டில் அப்பாவுக்கு மூன்று நாளாகக் கொரோனா என்பதே பிறகுதான் தெரிகிறது. வருகிற ஆத்திரத்தில் என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

பதில்: அந்தப் பன்னிரண்டு மணி தற்செயலாக வருவதில்லை. காலையில் காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்பியிருப்பார்கள். பாராசிட்டமால் வேலை செய்வது 4 முதல் 6 மணி நேரம்தான். ஏழு மணிக்கு ஊற்றிக் கொடுத்த சிரப் பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள் விட்டுப்போகும். இபுப்ரோஃபென் கொடுத்திருந்தால் இன்னும் ஓரிரு மணி நேரம் தள்ளிப்போகலாம். ஆக, காலையில் அந்த அம்மா சொன்னது முழுப் பொய்கூட இல்லை. அந்த நேரத்தில் காய்ச்சல் இல்லைதான்.

மாற்ற வேண்டியது உங்கள் கேள்வியை. "காய்ச்சல் இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். வாசலிலேயே இந்த மூன்றையும் கேளுங்கள்: கடைசியாகக் காய்ச்சல் மருந்து கொடுத்தது எத்தனை மணிக்கு? கடந்த பத்து நாளில் வீட்டில் யாருக்குப் பாசிட்டிவ், எந்தத் தேதியில்? இன்று மதியம் அழைத்தால் யார் வருவார், எந்த எண்ணுக்கு அழைப்பது? "கொடுத்தீர்களா?" என்று கேட்காமல் "எத்தனை மணிக்கு?" என்று கேட்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கொடுத்திருப்பார்கள் என்பதைச் சாதாரண விஷயமாக எடுத்துக்கொண்டு கேட்கிற கேள்வி அது. மறைப்பவருக்கு வெட்கம் குறையும், நேரம் தானாக வாயில் வந்துவிடும். பதிலைப் பதிவேட்டில் எழுதிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். காகிதத்தில் பொய் எழுதக் கை சற்றுத் தயங்கும்.

மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்து, மற்ற அறிகுறிகளும் குறைந்திருந்தால்தான் திரும்பச் சேர்ப்போம் என்பதைச் சேர்க்கைப் படிவத்திலேயே அச்சடித்துவிடுங்கள். அழைத்த ஒரு மணி நேரத்தில் வந்து கூட்டிப்போக வேண்டும், முதல் எண் எடுக்கவில்லை என்றால் அடுத்த எண்ணுக்கு அழைப்போம் என்பதும் அதிலேயே இருக்கட்டும். வாய்ச்சொல்லாக இருக்கும்வரை அது உங்கள் கோபமாகத்தான் தெரியும். அச்சில் வந்துவிட்டால் அது நிறுவனத்தின் விதி.

மதியம் காய்ச்சல் கண்டுவிட்டதா? குழந்தையைத் தனியறையில் பூட்டி வைக்காதீர்கள். ஜன்னல் திறந்த ஓர் இடத்தில் உட்காரவைத்து, என்95 மாஸ்க் அணிந்த ஒரே ஆள் கூடவே இருக்கட்டும். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் தொற்றுக்கு ஆளாகிறவர்களும் கூடுவார்கள். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மாஸ்க் போடவே கூடாது, மூச்சு முட்டினால் அதற்குக் கழற்றத் தெரியாது. ஐந்து வயது வரை மாஸ்க் கட்டாயமில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. மூச்சு வாங்கினாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ பெற்றோருக்காகக் காத்திருக்காமல் மருத்துவ உதவியை அழையுங்கள். பொம்மைகளைச் சோப்பு நீரில் கழுவினால் போதும். அறை முழுக்கப் புகை மருந்து அடிப்பதால் பயனில்லை, குழந்தைகளுக்கு இருமல்தான் மிஞ்சும்.

அம்மா வந்ததும் பேச வேண்டியது மூன்றே வாக்கியம்: "பன்னிரண்டு மணிக்கு இத்தனை டிகிரி இருந்தது. மருந்து இல்லாமல் ஒரு நாள் காய்ச்சல் வராமல் இருந்ததும் கூட்டி வாருங்கள். வீட்டில் பாசிட்டிவ் வந்த தேதியை மட்டும் சொல்லுங்கள், மற்றவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும்." "உங்களுக்குப் பொறுப்பே இல்லையா?" என்று ஆரம்பித்தீர்களானால் அந்தத் தேதி கிடைக்காது. அன்றைக்கு உங்களுக்கு வேண்டியது தேதி, மன்னிப்பு அல்ல.

கேள்வி: பக்கத்து மேஜைக்காரரின் மனைவிக்குப் பாசிட்டிவ். மறுநாளே இவர் டெஸ்ட் எடுத்து, நெகட்டிவ் என்று சொல்லி வேலைக்கு வந்துவிட்டார். மேலாளரும் சரி என்கிறார். நான் பயப்படுவது அதிகப்படியா?

பதில்: இல்லை. மறுநாள் வந்த நெகட்டிவை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. வைரஸ் உடலில் புகுந்து டெஸ்ட்டில் தெரியும் அளவுக்குப் பெருக நாளாகும். 2020-ல் பரவிய வகைகளில் அறிகுறி தோன்றச் சராசரியாக 5 நாள் ஆனது. ஓமைக்ரான் வந்த பிறகு இது 3 நாள் அளவுக்குச் சுருங்கியது. அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே மற்றவருக்குத் தொற்றவும் தொடங்கிவிடும்.

இன்னொரு சிக்கலைப் பலர் யோசிப்பதில்லை. வெளியில் ஒருமுறை தொற்றாளரைச் சந்தித்தவருக்கு நாள் எண்ணுவது எளிது. ஒரே அறையில் தூங்கி, ஒன்றாகச் சாப்பிடுகிறவருக்கு ஒவ்வொரு நாளும் புதிய சந்திப்புதான். அவருக்குக் கணக்கு தினமும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். எனவே அவரிடம் கேட்க வேண்டியது "டெஸ்ட் எடுத்தீர்களா?" என்பதல்ல, "வீட்டில் எந்தத் தேதியிலிருந்து தனித்தனியாக இருக்கிறீர்கள்?" என்பதுதான். அப்படிப் பிரியவே இல்லை என்றால் மனைவியின் தொற்றுக் காலம் முடியும் வரை வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும். அது முடியாத வேலை என்றால் நாள் முழுக்க என்95, தனியாகச் சாப்பாடு, 48 மணி நேர இடைவெளியில் திரும்பத் திரும்ப டெஸ்ட். அதிகம் பரவுவது சாப்பாட்டு அறையில்தான். காலையிலிருந்து மாஸ்க்கோடு இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கழற்றி வைத்துப் பேசும் இடம் அதுதானே.

நாள் எண்ணுவதிலும் தவறு நடக்கிறது. அறிகுறி தொடங்கிய நாள் பூஜ்யம், மறுநாள்தான் ஒன்று. ஐந்து நாள் தனிமை என்று விதி உள்ள இடத்தில், திங்கள் மாலை தொண்டை வலி வந்தவருக்கு ஐந்தாம் நாள் சனிக்கிழமை. திங்களையும் சேர்த்து எண்ணி வெள்ளிக்கிழமையே வந்து நிற்பவர்கள் ஏராளம். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட பரிந்துரை: அறிகுறி உள்ளவர்களுக்கு 10 நாள், அறிகுறியே இல்லாதவர்களுக்கு 5 நாள். ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ் வந்தால் முன்னதாகவே வெளியே வரலாம். நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு விதி மாறியிருக்கிறது. உங்கள் இடத்தில் இப்போது எது நடப்பில் இருக்கிறதோ அதை ஒரே தாளில் எழுதி, தேதி போட்டு, சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். ஆளுக்கொரு பழைய விதியைச் சொல்லிச் சண்டை போடுவது அதோடு நிற்கும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் நெகட்டிவ் டெஸ்ட் படம் அனுப்புகிறார்கள். போன வாரத்துப் படத்தையே ஒருவர் அனுப்பியிருந்தார். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கண்டுபிடிக்கும் வேலையே வராதபடி செய்துவிடலாம். மாதிரி எடுப்பதற்கு முன்பே ரேபிட் டெஸ்ட் கருவியின் பிளாஸ்டிக் ஓட்டில் பேனாவால் பெயர், தேதி, நேரம் மூன்றையும் எழுதிவிட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். எல்லாருக்கும் இதே விதி, மேலாளருக்கும்.

படம் உண்மையாக இருந்தும் முடிவு பிழையாகலாம். குச்சியை மூக்கு நுனியில் தடவி எடுத்துவிடுவது, ஒரு துவாரத்தோடு நிறுத்திக்கொள்வது, துளிகளை எண்ணாமல் ஊற்றுவது எல்லாம் சாதாரணமாக நடக்கும். நேரம்தான் முக்கியம். பெரும்பாலான கருவிகளில் 15 நிமிடத்தில் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் பார்த்து நெகட்டிவ் என்று தூக்கிப் போட்டவரின் கோடு பத்தாவது நிமிடத்தில் குப்பைத் தொட்டியில் தெரிந்திருக்கும். குறித்த நேரத்துக்குள் எவ்வளவு மங்கலான கோடு தெரிந்தாலும் அது பாசிட்டிவ்தான். அரை மணி நேரம் கழித்து முளைக்கும் கோட்டை நம்ப வேண்டாம், புதிதாக எடுங்கள். அறிகுறி இருந்து முதல் டெஸ்ட் நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் கழித்து இன்னொன்று அவசியம்.

இதற்கு நேர்மாறான தவறைச் செய்யும் நிறுவனங்களும் உண்டு. வேலைக்குத் திரும்ப, ஆய்வகத்தில் செய்யும் பி.சி.ஆர். டெஸ்ட்டில் நெகட்டிவ் என்ற சான்றிதழ் கேட்கிறார்கள். பி.சி.ஆர். செத்த வைரஸின் துணுக்குகளையும் காட்டும். குணமாகிப் பல வாரம் ஆனவருக்குக்கூட, சில சமயம் 90 நாள் வரை, பாசிட்டிவ் வரும். யாருக்கும் பரப்ப முடியாத ஆளைச் சம்பளமில்லாமல் உட்காரவைப்பார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள் அடுத்த முறை வாயே திறக்கமாட்டார்கள்.

கேள்வி: சிறிய நிறுவனம் நடத்துகிறேன். ஒருவர் வீட்டில் தொற்றை மறைத்ததால் ஐந்து பேர் படுத்துவிட்டார்கள். மறைத்தவரை வேலையை விட்டு நீக்குவதுதான் சரியான பாடமா?

பதில்: மற்றவர்கள் அதிலிருந்து என்ன பாடம் கற்பார்கள் என்று யோசியுங்கள். "இனி மறைக்கக் கூடாது" என்றா, "மாட்டிக்கொள்ளக் கூடாது" என்றா?

2020-ல் இஸ்ரேலில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. தனிமையில் இருக்கும் நாட்களுக்குச் சம்பள ஈடு கிடைக்குமென்றால் இருப்போம் என்றவர்கள் 94 சதவீதம். ஈடு கிடையாது என்றதும் அது 57 சதவீதத்துக்கும் கீழே போனது. மனிதர்கள் அதே மனிதர்கள்தான். சம்பளம் போய்விடும் என்பவரிடம் பொறுப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்து பயனில்லை. உண்மையைச் சொல்பவருக்குச் சம்பள வெட்டு, மறைப்பவருக்கு முழுச் சம்பளம் என்று கணக்கு இருந்தால், அந்தக் கணக்கைப் போட்டவரும் பொறுப்பில் பங்காளி. ஐந்து பேர் படுத்ததில் போன வேலை நாட்களையும், ஒருவருக்கு ஐந்து நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

சம்பளத்தோடு லீவு, கேட்டவுடன் தருவோம் என்று அறிவித்த பிறகும் ஒருவர் மறைத்தால், அப்போது எச்சரிக்கைக் கடிதம் கொடுங்கள், அதற்குப் பிறகு நடவடிக்கை எடுங்கள். நீக்கும் முன் உங்கள் நாட்டுத் தொழிலாளர் சட்டம் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

மற்றவர்களுக்குத் தகவல் சொல்லும்போது பெயர் வேண்டாம். "செவ்வாய், புதன் இரண்டு நாளும் இரண்டாம் மாடியில் இருந்த ஒருவருக்குத் தொற்று. அங்கே இருந்தவர்கள் பத்து நாள் மாஸ்க் அணியுங்கள், ஐந்தாம் நாள் டெஸ்ட் எடுங்கள்" என்றால் போதும். யாரென்று எல்லாரும் ஊகித்துவிடுவார்கள், அது வேறு விஷயம். நீங்கள் சொன்னதாக இருக்கக் கூடாது.

கேள்வி: நானே அந்தக் 'குடும்பம்'தான். மகனுக்குப் பாசிட்டிவ். வீட்டில் ஒரே குளியலறை. தனிமை என்று எல்லாரும் சொல்கிறார்கள், எப்படி என்று யாரும் சொல்வதில்லை.

பதில்: நியாயமான கோபம். கதவைச் சாத்துவதைவிடக் காற்றைக் கவனியுங்கள். மகன் இருக்கும் அறையின் வெளி ஜன்னல் திறந்திருக்கட்டும், வீட்டுக்குள் திறக்கும் கதவு மூடியிருக்கட்டும். ஜன்னலில் ஒரு மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வைத்தால் அறைக்காற்று கூடத்துக்கு வராமல் வெளியே போகும். விசிறியை உள்பக்கம் திருப்பி வைத்துவிட்டால் கதவிடுக்கு வழியாக வீடு முழுக்கத் தள்ளிவிடும்.

குளியலறையில் முறை வையுங்கள். காலையில் மற்றவர்கள் முதலில், மகன் கடைசியில். அவன் வெளியே வந்ததும் எக்ஸாஸ்ட் விசிறி ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஓர் அறையின் காற்று மணிக்கு 6 முறை மாறினால் மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் நீங்க 46 நிமிடம் ஆகும். 2 முறைதான் மாறுகிறது என்றால் 138 நிமிடம். எனவே முக்கால் மணி நேரம் நல்ல இடைவெளி. அவசரமாகப் போக வேண்டியவர் மாஸ்க்கோடு போய்வரலாம். பல் துலக்கும்போது மாஸ்க் கழற்ற வேண்டும், ஆகையால் பல் துலக்குவதை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

தட்டு, டம்ளர் தனியாக வாங்க வேண்டியதில்லை, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கவனித்துக்கொள்ள ஒரே ஆள், முடிந்தால் வயதானவரோ கர்ப்பிணியோ அல்லாதவர். உணவைக் கதவருகே வைத்துவிட்டு வாருங்கள். இரண்டு நாளாவது இப்படி இருக்க முடிந்தால்கூடப் பலன் உண்டு, தொற்று தீவிரமாகப் பரவுவது ஆரம்ப நாட்களில்தான். முழுதாக முடியவில்லையே என்று மொத்தத்தையும் கைவிட்டுவிடாதீர்கள். வேலையிடத்தில் பாசிட்டிவ் வந்த தேதியையும், தனித்தனியாகப் பிரிந்த தேதியையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி வெப்பமானி பிடிக்கிறார்கள். அது போதாதா?

பதில்: போதாது. தொற்றியவர்களில் பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை. வெயிலில் நடந்து வந்தவருக்குக் கூடுதலாகவும், குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியவருக்குக் குறைவாகவும் காட்டும். சிரப் குடித்துவிட்டு வருபவரை அது பிடிக்காது என்று மேலேயே பார்த்தோம். வெப்பமானி பிடிக்கும் ஆளை வாசலிலிருந்து உள்ளே கூப்பிட்டு ஜன்னல்களைத் திறந்துவைக்கச் சொல்லலாம்.