வலுக்குறைந்த காலுக்கு எந்த ஸ்னோஷூ?

கேள்வி: என் கணவருக்கு வயது 61. மே மாதம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் பலவீனமாகிவிட்டது. இப்போது கணுக்காலுக்கு பிளாஸ்டிக் தாங்கி போட்டு, தடியுடன் வெளியே அரை மணி நேரம் நடக்கிறார். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறார். கூட்டாளிகள் ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமல் இருக்கப் பூட்ஸின் அடியில் கட்டும் அகன்ற சட்டம்) போட்டு நடக்கப் போகிறார்கள், தானும் வரப்போகிறாராம். மெதுவாகத் தொடங்கலாம் என்று டொக்டரும் சொல்லிவிட்டார். எதை வாங்குவது? பனியில் விழுந்தால் எப்படி எழுப்புவது?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: அவருடைய ஆசை நல்ல ஆசை. ஆனால் இப்போது எதையும் வாங்காதீர்கள். முதல் இரண்டு மூன்று தடவைக்கு வாடகைக்கு எடுங்கள். பலவீனமான காலுக்கு எது ஒத்துவரும் என்பது போட்டு நடந்து பார்த்தால்தான் தெரியும்.

ஸ்னோஷூ ஒன்று ஏறத்தாழ ஒரு கிலோ எடை, எட்டு ஒன்பது அங்குல அகலம். பாரிசவாதத்துக்குப் பிறகு முன்பாதம் கீழே தொங்கும். அது நிலத்தில் உரசாமல் இருக்கப் பலர் காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டு வீசி நடப்பார்கள். அதனால் இரண்டு விதமாக விழுவார்கள்: நுனி பனியில் குத்தி முன்னால் விழுவது, வீசி வைத்த கால் மற்ற ஸ்னோஷூவின் விளிம்பை மிதித்துப் பக்கவாட்டில் விழுவது.

ஆகவே ஒடுக்கமானதை, வால்பகுதி கூம்பிச் செல்வதைத் தேடுங்கள். உடல் எடைக்கு எந்த நீளம் என்று சொல்லிக் கடையில் தொங்கும் அட்டவணை ஆழமான, இறுகாத பனிக்குப் போட்டது. மிதித்து இறுகிய பாதையில் ஓர் அளவு சிறியதே போதும். 25 அங்குலம் என்று அட்டவணை சொன்னால் 21, 22 அங்குல நீளத்தைப் போட்டுப் பாருங்கள். நுனி மேல்நோக்கி வளைந்த ஃபோம் ஸ்னோஷூவும் உண்டு. பாதம் உருண்டு போவதால் தொங்கும் முன்பாதத்துக்கு அது வசதி, வெல்க்ரோ பட்டையை ஒரு கையாலேயே இழுத்து மூடலாம். உறைந்த ஐஸில் மட்டும் அதன் பிடி குறைவு. அலுமினியச் சட்டம் உள்ளதை எடுத்தால், ஒரு கையால் திருகி இறுக்கும் வகையா என்று பாருங்கள். வலக்கை சொல் கேளாதவருக்குக் கொக்கிகளுடன் போராடுவது நடப்பதைவிடக் களைப்பு.

பூட்ஸ் அரை அளவு பெரிதாக, வாய் அகன்று திறப்பதாக இருக்கட்டும். தாங்கி போடும் காலில் உள் அட்டையை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். பூட்ஸ் இறுகினால் இரத்த ஓட்டம் குறையும், விரல்கள் முதலில் உறையும். இன்னொரு விஷயம்: விறைப்பான தாங்கி இறக்கத்தில் முழங்காலை முன்னால் தள்ளும், பலவீனமான முழங்கால் மடங்கிவிடும். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவின் பள்ளத்தாக்கு ஏற்ற இறக்கங்கள் இந்த வருடம் வேண்டாம். வீட்டுக்குக் கிட்டிய சமதரைப் பூங்கா, பத்து நிமிடம், பிறகு ஓய்வு. அடுத்த நாள் கால் வழமைபோல் இருந்தால் அடுத்த தடவை ஐந்து நிமிடம் கூட்டலாம்.

அவர் நல்ல கையில் ஒரே ஒரு கோல் பிடித்தால் போதும். கோலின் அடியில் பனி வட்டு இருக்க வேண்டும், நிற்கும்போது முழங்கை செங்கோணத்தில் மடிய வேண்டும். பலவீனமான கையைக் கோலோடு கட்டவே கூடாது. விழும்போது தோள்மூட்டு இழுபட்டு விலகும். திரும்பும்போது ஒரு காலில் சுழல வேண்டாம். சின்னச் சின்ன அடியாக அகன்ற வட்டம் போட வேண்டும். பின்னால் நடப்பதும் வேண்டாம்.

விழுந்தால் பலவீனமான கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். முதலில் ஒரு நிமிடம் அப்படியே கிடக்கட்டும். பிறகு நல்ல பக்கமாக உருண்டு, முழங்கால்களை மடித்து, மண்டியிட வேண்டும். கோலைப் பனிமேல் கிடையாக வைத்து நல்ல கையால் அதில் ஊன்றி, நல்ல காலை முன்னால் வைத்து எழும்ப வேண்டும். நீங்கள் பின்னால் நின்று இடுப்புப் பட்டியைப் பிடித்தால் போதும். இதை வீட்டுக் கம்பளத்தில், ஸ்னோஷூ இல்லாமல், பிசியோதெரபிஸ்ட் முன்னால் பழகிவிட்டுப் போங்கள். தலை அடிபட்டால், வலி இல்லை என்று அவர் சொன்னாலும் உடனே எமர்ஜென்சிக்குக் கொண்டுபோங்கள். உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவருக்கு மூளையில் இரத்தக் கசிவு சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம்.

கேள்வி: பாரிசவாதத்துக்குப் பிறகு எனக்கு இடப்பக்கம் கவனத்தில் வருவதில்லை, தட்டில் இடது பாதிச் சோறு மிஞ்சிவிடும். நடையில் குறையில்லை. கட்டினோ பூங்காவில் தனியே ஸ்னோஷூ நடக்கலாமா?
– வாசகர், ஒட்டாவா

பதில்: தனியே வேண்டாம் ஐயா. கால் பலத்தைவிட இந்தக் கவனக் குறைவுதான் காட்டுப் பாதையில் ஆபத்து. இடப்பக்கக் கிளை, பாதை அடையாளம், சறுக்கி வருபவர் எல்லாமே தவறிப்போகும். கூட வருபவர் எப்போதும் உங்கள் இடப்பக்கம் நடக்கட்டும். இடது ஸ்னோஷூவின் நுனியில் சிவப்பு டேப் ஒட்டுங்கள். பத்து அடிக்கு ஒரு தடவை கழுத்தைத் திருப்பி அதைத் தேடிப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். அங்கே குளிர்காலப் பாதைகளுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், மறக்காதீர்கள். வட்டப் பாதையைவிடப் போன வழியே திரும்பும் பாதை நல்லது. இருக்கும் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு செலவானதுமே திரும்புங்கள். பாரிசவாதக் களைப்பு சொல்லிக்கொண்டு வராது.

கேள்வி: எவ்வளவு குளிர்வரை போகலாம்?
– வாசகி, மார்க்கம்

பதில்: காற்றுக் குளிர் சுட்டெண் (காற்றோடு சேர்ந்து தோல் உணரும் குளிர்) மறை 28-ஐத் தாண்டினால் ஆரோக்கியமானவருக்கே 10 முதல் 30 நிமிடத்தில் திறந்த தோல் உறையும். உணர்ச்சி குறைந்த கையும் காலும் எச்சரிக்காது. தொடங்குபவர் மறை 10-க்குக் கீழே போகாமல் இருப்பதே எங்கள் ஆலோசனை. குளிர் இரத்த அழுத்தத்தையும் தசை இறுக்கத்தையும் கூட்டும், ஆகவே புறப்படுமுன் வீட்டில் அழுத்தம் பாருங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்கள் நாடித்துடிப்பை வைத்துக் கணக்கிட வேண்டாம். மூச்சு வாங்காமல் ஒரு முழு வசனம் பேச முடிகிறதா என்று பாருங்கள். கால் மணிக்கு ஒரு தடவை பலவீனமான கையின் விரல்களை நல்ல கையால் தொட்டுப் பாருங்கள். வெளிறியோ மரத்தோ இருந்தால் உள்ளே போங்கள், தேய்க்க வேண்டாம். முகம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சுக் குளறினாலோ குளிரில்தான் என்று எண்ணிக் காத்திராமல் 911-ஐ அழையுங்கள்.